கப்பலில் மட்டும் ஏன் இன்னும் டூ ஸ்ட்ரோக்?

அக்கா மகன் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறான். நான் லீவில் தூத்துக்குடிக்கு வந்திருப்பது தெரிந்தால் போதும், கையில் ஒரு கேள்வியோடு வந்துவிடுவான். இந்தத் தடவை கேட்டது இது: “மாமா, ரோட்டுல டூ ஸ்ட்ரோக்க ஒழிச்சே விட்டாச்சு. புகை, மைலேஜும் கிடையாது. நீங்க மட்டும் ஏன் கப்பல்ல இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழறீங்க?”

நியாயமான கேள்விதான். பிஸ்டன் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று இரண்டே ஓட்டத்தில், அதாவது இரண்டு ஸ்ட்ரோக்கில், ஒரு எரிப்பை முடித்தால் டூ ஸ்ட்ரோக். அதற்கு நாலு ஓட்டம் எடுத்தால் ஃபோர் ஸ்ட்ரோக். பாடப் புத்தகத்தில் டூ ஸ்ட்ரோக் என்றால் ஸ்கூட்டர் எஞ்சின் படம் ஒன்று இருக்கும். பக்கத்தில் ஃபோர் ஸ்ட்ரோக்கோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை. அதில் டூ ஸ்ட்ரோக் பக்கம் முழுக்கக் குறைதான். அதைப் படித்துவிட்டு வருகிறவனிடம், எண்ணெயில் இருக்கிற சக்தியை மிக அதிகமாக வேலையாக மாற்றித் தருகிற பிஸ்டன் எஞ்சின்களில் கப்பலின் டூ ஸ்ட்ரோக் டீசல் முன்வரிசையில் நிற்கிறது என்று சொன்னால் சிரிப்பான். ஆனால் உண்மை அதுதான். ஒரு கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 170 கிராம் எண்ணெய். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 50 சதவீதம் வருகிறது. வெளியே போகிற புகையின் சூட்டில் கொதிகலன் ஓட்டி நீராவி எடுப்பது இந்தக் கணக்கில் வராது.

அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். மெரைனில் சேரப் போகிற பையன்களுக்கும் உதவும்.

முதலில் அந்த ரோட்டு வண்டியைப் பார்த்துவிடலாம். ஆர்எக்ஸ் 100, பழைய சேடக், பழைய ஆட்டோ, எல்லாம் ஒரே கதைதான். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸ் என்கிற பெட்டிக்குள் போகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதை அழுத்துகிறது. சிலிண்டர் சுவரில் இருக்கிற போர்ட் என்கிற துளை திறந்ததும் அந்தக் கலவை சிலிண்டருக்குள் பாய்ந்து, எரிந்து முடிந்த புகையை வெளியே தள்ளுகிறது. தள்ளுகிற வேகத்தில் கலவையிலும் ஒரு பங்கு எரியாமலே சைலன்ஸர் வழியாகப் போய்விடுகிறது. மைலேஜ் போன வழி அது. கிராங்க் கேஸில் மசகு எண்ணெய் தேக்கி வைக்க முடியாது, அதனால் பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலக்கிறோம். அதுவும் எரிகிறது. நீலப் புகைக்குக் காரணம் அது.

இந்த இரண்டு குறையும் டூ ஸ்ட்ரோக் என்பதால் வந்தவை அல்ல. சிலிண்டரைக் கழுவ எதை உபயோகிக்கிறோம் என்பதால் வந்தவை. ஆர்எக்ஸ் 100 பெட்ரோலால் கழுவுகிறது. டீசல் வெறும் காற்றால் கழுவுகிறது. எல்லாக் கதவும் மூடி, காற்றை அழுத்தி முடித்து, பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகுதான் எண்ணெய் உள்ளே வருகிறது. அதற்கு முன் எவ்வளவு வெளியே போனாலும் போவது காற்று. காற்றுக்குக் காசு இல்லை. நாங்கள் வேண்டுமென்றே தேவைக்கு மேல் காற்றை விட்டு வெளியே ஓட விடுகிறோம். போகிற போக்கில் அது பிஸ்டன் தலையையும் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் வால்வையும் ஆற்றிவிட்டுப் போகிறது.

“அப்போ கிராங்க் கேஸ்?” என்றான். அதற்கும் காற்று அனுப்புகிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அதிகம் மேய்த்தது 6எஸ்60எம்சி என்கிற எஞ்சின். மேன் பி அண்ட் டபிள்யூ டிசைன். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 6 சிலிண்டர், எஸ் என்றால் சூப்பர் லாங் ஸ்ட்ரோக், 60 என்பது சிலிண்டர் விட்டம் சென்டிமீட்டரில். ஸ்ட்ரோக் 2,292 மில்லிமீட்டர். அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் என் உயரத்தைவிட அதிகம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 650 லிட்டரை ஒட்டி வரும். ஆர்எக்ஸ் 100 மொத்தமுமே 98 சிசி. முழு வேகம் நிமிஷத்துக்கு 105 சுற்று, அவ்வளவுதான். அதில் 12,240 கிலோவாட். எங்கள் பாஷையில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு யூனிட்.

ஒரு சுற்றுக்கு 0.57 நொடி ஆகிறது. அதற்குள் நடப்பதைப் பார்ப்போம்.

பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. அதற்கு மேலே அழுத்தப்பட்ட காற்று நூறு பாருக்கு மேல் ஏறியிருக்கிறது. (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம்.) அந்தச் சூட்டில் எண்ணெய் பட்டால் தானாகப் பற்றும், ஸ்பார்க் பிளக் தேவையில்லை. நடுவில் எக்ஸாஸ்ட் வால்வு உட்கார்ந்திருப்பதால் இன்ஜெக்டருக்கு நடுவில் இடமில்லை. வால்வைச் சுற்றி இரண்டோ மூன்றோ இருக்கும். அவை பல நூறு பார் அழுத்தத்தில் எண்ணெயைத் தூவுகின்றன. அழுத்தம் 140 பார் அளவுக்கு ஏறுகிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. வேலை நடப்பது இங்கேதான்.

பிஸ்டன் முக்கால்வாசி இறங்கியதும், உச்சியிலிருந்து சுமார் 110, 120 டிகிரியில், மேலே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. உள்ளே மிச்சமிருக்கிற அழுத்தம் ஒரே மூச்சில் எக்ஸாஸ்ட் ரிசீவர் என்கிற பெரிய குழாய்க்குள் பாய்ந்து, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போசார்ஜரைச் சுற்றுகிறது. இதை முதலில் செய்தாக வேண்டும். ஏனென்றால் அடுத்த இருபது முப்பது டிகிரியில் பிஸ்டன், சிலிண்டரின் உள்சுவரான லைனரின் அடிப்பக்கத்து ஓட்டைகளைத் திறந்துவிடும். அவைதான் ஸ்கேவெஞ்ச் போர்ட். லைனரைச் சுற்றி வரிசையாக, சற்றுச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். மேலே அழுத்தம் இறங்காமல் இவை திறந்தால் புகை, ஸ்கேவெஞ்ச் பெட்டி என்கிற காற்றுப் பெட்டிக்குள் வந்துவிடும். இறங்கியிருந்தால் காற்று சிலிண்டருக்குள் ஏறும். போர்ட் சாய்வாக இருப்பதால் காற்று சுழன்றபடி மேலேறி, முன்னால் இருக்கிற புகையை வால்வு வழியாகத் தள்ளிக்கொண்டு போகிறது.

அந்த போர்ட்கள் திறந்திருக்கிற நேரம் சுமார் 80 டிகிரி. 105 சுற்றில் அது நொடியில் எட்டில் ஒரு பங்கு. 650 லிட்டர் புகை வெளியே போய், புதுக் காற்று நிரம்ப வேண்டும், அந்த எட்டில் ஒரு பங்கு நொடிக்குள். ஆறு யூனிட்டிலும், ஒவ்வொரு சுற்றிலும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இந்த வேலைக்கென்று தனியாக இரண்டு முழு ஸ்ட்ரோக் இருக்கிறது, அது சாவகாசமாகச் செய்யும். டூ ஸ்ட்ரோக்குக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பதிலாகத்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பவர் ஸ்ட்ரோக் கிடைக்கிறது.

பிறகு பிஸ்டன் ஏறி போர்ட்டை மூடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து வால்வு மூடுகிறது. மிச்சத் தூரம் முழுக்க அழுத்தம். மறுபடி எண்ணெய்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்த எஞ்சின் முழு லோடில் மணிக்கு இரண்டு டன் எண்ணெய் குடிக்கும், ஒரு நாளைக்கு ஐம்பது டன். காற்றோ மணிக்கு நூறு டன்னுக்கு மேல். எங்கள் வேலையில் பாதி எண்ணெயைப் பற்றியது என்று வெளியே நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், எஞ்சின் ரூமில் வருகிற தலைவலியில் பெரும்பகுதி அந்த நூறு டன் காற்றைச் சுத்தமாக, குளிர்ச்சியாக, நேரத்துக்கு உள்ளே விட்டு வெளியே விடுவதைப் பற்றியதுதான். டர்போசார்ஜர் ஃபில்டரில் அழுக்கு, ஏர் கூலரில் அழுக்கு, போர்ட்டில் கரி, இதில் ஏதாவது ஒன்று ஏறினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். சீஃப் எஞ்சினியர் முகம் மாறும்.

காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதில் எஞ்சின் கட்டுகிறவர்கள் பல பத்தாண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். வழி இரண்டு. லைனரின் அடியிலேயே காற்றுக்கும் போர்ட், புகைக்கும் போர்ட் வைப்பது ஒன்று. காற்று மேலே போய் வளைந்து திரும்பிக் கீழே வர வேண்டும். லூப் ஸ்கேவெஞ்சிங் என்பார்கள். ஸுல்சர் கம்பெனியின் பழைய ஆர்என்டி எஞ்சின்கள் அப்படித்தான். தலையில் எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது, பராமரிக்கச் சுகம். மற்றது யூனிஃப்ளோ, நான் மேலே சொன்னது. காற்று அடியில் நுழைந்து நேராக மேலே வெளியேறும். டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கினால் கூட்டம் தானாக நகரும். ஒரே வாசலில் ஏறவும் இறங்கவும் விட்டால் நடுவில் நிற்கிறவர் அங்கேயே நிற்பார், ஏறியவரில் சிலர் இறங்குகிறவரோடு சேர்ந்து திரும்பி வெளியே வந்துவிடுவார்.

ஸ்ட்ரோக் குட்டையாக இருந்தவரை லூப் சமாளித்தது. 1970-களின் எண்ணெய் விலை ஏற்றத்துக்குப் பிறகு எல்லோரும் ஸ்ட்ரோக்கை நீட்டத் தொடங்கினார்கள். உயரமான சிலிண்டரில் காற்று மேலே போய்த் திரும்பி வருவது முடியாத காரியமாகிவிட்டது. மேன் கம்பெனி 1980-ல் டென்மார்க்கின் பி அண்ட் டபிள்யூ எஞ்சின் பிரிவை வாங்கியதும் தன்னுடைய லூப் டிசைனைக் கைவிட்டது. ஸுல்சரும் 1980-களின் தொடக்கத்தில் ஆர்டிஏ எஞ்சினோடு யூனிஃப்ளோவுக்கு மாறிவிட்டது. இப்போது பெரிய கப்பல் எஞ்சின் என்றாலே யூனிஃப்ளோதான்.

எதற்காக ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள்? புரொப்பெல்லருக்காக. பெரிய விட்டமுள்ள புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றினால்தான் கப்பலைத் தள்ளும் திறன் அதிகம். எஞ்சினே மெதுவாகச் சுற்றினால் கியர்பாக்ஸ் வேண்டாம், தண்டை நேராகக் கோத்துவிடலாம். மெதுவாகச் சுற்றுகிற எஞ்சினில் அதே சக்தி வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் எரிய வேண்டும், நீளமாகத் தள்ள வேண்டும். டூ ஸ்ட்ரோக் இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. இன்னொரு லாபமும் உண்டு. மெதுவான எஞ்சினில் எண்ணெய் எரிய நேரம் கிடைக்கிறது. நாங்கள் எரித்த ஹெவி ஃபியூயல் சாதாரண சூட்டில் ஊற்றினால் தார் மாதிரி நிற்கும். அதைப் பியூரிஃபையர் என்கிற சுத்திகரிப்பு இயந்திரத்தில் சுற்றி, நீராவியால் 130, 140 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் இன்ஜெக்டரில் தூவ முடியும். லாரி எஞ்சின் அதைத் தொடவே தொடாது. 2020 ஜனவரி முதல் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது, புகைபோக்கியில் கந்தகத்தைக் கழுவி எடுக்கிற ஸ்க்ரப்பர் இல்லாதவர்களுக்கு அந்தப் பழைய சரக்கு கிடையாது. அதுவரை 3.50 வரை அனுமதி இருந்தது.

கப்பலைப் பின்னால் ஓட்ட வேண்டும் என்றால்? ரிவர்ஸ் கியர் கிடையாது. எஞ்சினை நிறுத்தி எதிர்த் திசையில் சுற்ற வைக்க வேண்டும். 30 பார் காற்றைச் சிலிண்டருக்குள் வரிசை மாற்றி விடுவோம், ஃபியூயல் பம்ப் ரோலர்கள் இடம் மாறும், எஞ்சின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்று பாட்டிலில் இருந்து போகிறது. துறைமுகத்துக்குள் வழிகாட்ட வருகிற பைலட் சும்மா சும்மா முன்னே பின்னே கேட்டுக்கொண்டிருந்தால் பாட்டில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் திட்டுவோம்.

புறப்படும் முன் ப்ளோ த்ரூ என்று ஒன்று உண்டு. புதுப் பையன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு யூனிட் தலையிலும் இண்டிகேட்டர் காக் என்று சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. அத்தனையையும் திறந்து வைத்து, எண்ணெய் விடாமல் காற்றால் மட்டும் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றுவோம். ஆறு குழாயிலும் வரிசையாக ‘புஸ்... புஸ்’ என்று காற்று சீறும். வெறும் காற்று வந்தால் சரி. தண்ணீர் தெறித்தால் எங்கோ விரிசல். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் கொடுத்தால் அழுத்த முடியாத தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும், அப்புறம் என்ன உடையும் என்று சொல்ல முடியாது.

கிளம்பும்போது இன்னொரு சிக்கல். டர்போசார்ஜர் புகையால் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, டர்போ சுற்றாது, காற்று வராது. ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் தானே காற்றை உறிஞ்சிக்கொள்ளும், டூ ஸ்ட்ரோக்குக்கு உறிஞ்சுகிற ஸ்ட்ரோக்கே கிடையாது. யாராவது ஊதினால்தான் உண்டு. அதற்குத்தான் ஆக்ஸிலரி ப்ளோயர், கரண்டில் ஓடுகிற இரண்டு பெரிய விசிறிகள். லோடு ஏறி டர்போ பிடித்துக்கொண்டதும் இவை தானாக நின்றுவிடும். ப்ளோயர் இரண்டும் ஓடவில்லை என்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம்.

இப்போது கிராங்க் கேஸுக்கு வருகிறேன். லாரி எஞ்சினில் பிஸ்டனோடு கனெக்டிங் ராடு நேராகக் கோத்திருக்கும். ராடு சாய்ந்து போகும்போது பிஸ்டனை லைனர் பக்கம் தள்ளும். எங்கள் எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே நேராக ஒரு பிஸ்டன் ராடு, அது முடிகிற இடத்தில் கிராஸ்ஹெட், அதற்குக் கீழேதான் கனெக்டிங் ராடு. பக்கவாட்டு அழுத்தத்தைக் கிராஸ்ஹெட் தன்னுடைய கைடுகளில் வாங்கிக்கொள்கிறது. பிஸ்டன் நேராக மேலும் கீழும் மட்டும் போய்வரும். நடுவில் ஒரு தடுப்புத் தட்டு, அதில் பிஸ்டன் ராடு புகுந்து போகிற இடத்தில் கசிவைத் தடுக்கிற ஸ்டஃபிங் பாக்ஸ். தட்டுக்கு மேலே கரி, கந்தகம், அழுக்கு. கீழே கிராங்க் கேஸில் சுத்தமான மசகு எண்ணெய், அதை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் சுத்திகரித்தே ஓட்டலாம். ஆளுயரக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்று பேரிங் பார்ப்போம்.

லைனருக்குத் தனி எண்ணெய். சிலிண்டர் ஆயில். காரத்தன்மை அதிகம், அதன் அளவைத்தான் பிஎன் என்பார்கள், பிஎன் 70 என்பது அந்தக் காலத்தின் வழக்கமான சரக்கு. எரிபொருளிலிருக்கிற கந்தகம் எரிந்து அமிலமானால் லைனரை அரிக்கும், அதை முறிக்கத்தான் காரம். லைனர் சுவரில் உள்ள சின்னத் துளைகள் வழியாகச் சொட்டு சொட்டாக வரும், ஒரு தடவை போனால் போனதுதான், திரும்பாது. கிலோவாட் மணிக்கு ஒரு கிராம் அளவு. குறைத்தால் லைனர் தேயும். கூட்டினால் மிச்சம் வழிந்து, கரியோடு குழைந்து, பிஸ்டனுக்குக் கீழே ஸ்கேவெஞ்ச் பெட்டியில் சேறாகத் தேங்கும். விலை உயர்ந்த சரக்கு என்பதால் ஆபீஸிலிருந்து குறை குறை என்று மெயில் வரும். லைனர் போனால் அதே ஆபீஸ் ஏன் போனது என்று கேட்கும்.

அந்தச் சேறு பற்றினால் ஸ்கேவெஞ்ச் ஃபயர். ஒரு பல்க் கேரியரில் கொழும்பைத் தாண்டிக் கிழக்கே போகும்போது பார்த்திருக்கிறேன். கன்ட்ரோல் ரூமில் நாலாம் யூனிட் எக்ஸாஸ்ட் சூடு ஏறத் தொடங்கியது. இன்ஜெக்டர் கோளாறாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் எஞ்சின் ரூம் ஊழியரான மோட்டார்மேன் அண்ணாச்சி போன் செய்தார். உவரிக்காரர், என்னைவிடப் பல வருஷம் மூத்தவர்.

“சார், நாலாம் நம்பர் ஸ்கேவெஞ்ச் கதவுல பெயிண்டு கொப்பளிக்கி.”

“அண்ணாச்சி, முன்னால நிக்காதீங்க. ரிலீஃப் வால்வு பக்கமும் போகாதீங்க.”

“அது தெரியாமலா சார். இந்தப் பக்கந்தான் நிக்கேன்.”

அடுத்த நிமிஷம் டர்போசார்ஜர் குரைக்க ஆரம்பித்தது. காற்று பின்வாங்கி வெளியே அடிக்கிற சத்தம், சர்ஜிங் என்போம், கேட்டவர்களுக்கு மறக்காது. கப்பலைச் செலுத்துகிற பிரிட்ஜில் சொல்லி வேகத்தைக் குறைத்தோம். நாலாம் யூனிட்டுக்கு எரிபொருளை நிறுத்தி, அதற்குச் சிலிண்டர் ஆயிலை மட்டும் கூட்டினோம். தீ எரிகிற இடத்தில் எண்ணெயைக் கூட்டுவதா என்று தோன்றும். ஆனால் சூட்டில் லைனர் வறண்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அது அதைவிட மோசம். அடங்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, தீயை அணைக்கப் பெட்டிக்குள் நீராவியைத் திறந்துவிட்டோம். கதவு கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே கனன்றுகொண்டிருப்பதற்குக் காற்று கிடைத்துவிடும்.

ஆறிய பிறகு திறந்தால், பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கிற ரிங்குகளில் மேல் ரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதன் வழியாக நெருப்பு கீழே இறங்கியிருக்கிறது. பெட்டியில் தேங்குவதை வடிக்கிற ட்ரெயின் பைப்பும் அடைத்திருந்தது. வாட்ச் என்கிற பணிமுறை நேரத்தில் அந்த பைப்பைத் திறந்து பார்ப்பது வழக்கம். கறுப்பாகக் கொஞ்சம் எண்ணெயும் பின்னால் காற்றும் வந்தால் நல்லது. ஒன்றுமே வரவில்லை என்றால் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அடைத்திருக்கிறது என்று அர்த்தம். லாக் புக்கில் ‘ட்ரெயின் நார்மல்’ என்று எழுதுவதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

கப்பலில் மட்டும்தான் இது என்று மருமகன் நினைத்துக்கொண்டிருந்தான். நம் ஊர் ரயிலிலும் உண்டு. டபிள்யூடிஜி-4, டபிள்யூடிபி-4 என்று அமெரிக்க ஈஎம்டி கம்பெனியின் டிசைனில் வாரணாசியில் கட்டிய டீசல் லோகோக்கள் இருக்கின்றனவே, அவற்றின் 16 சிலிண்டர் 710 எஞ்சின் டூ ஸ்ட்ரோக் யூனிஃப்ளோதான். அடியில் போர்ட், மேலே சிலிண்டருக்கு நாலு எக்ஸாஸ்ட் வால்வு. நான் ப்ளோயர் என்று சொன்ன சிக்கலை அவர்கள் வேறு மாதிரி தீர்த்திருக்கிறார்கள்: லோடு குறைவாக இருக்கும்போது எஞ்சினே கியர் வைத்து டர்போவைச் சுற்றும், புகை போதுமான அளவு வந்ததும் ஒரு கிளட்ச் கழன்றுகொள்ளும். ஆல்கோ கம்பெனி டிசைனில் வந்த பழைய டீசல் லோகோ ஃபோர் ஸ்ட்ரோக். பக்கத்தில் நின்று கேட்டால் இரண்டின் சத்தமும் வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆவடியில் கட்டின விஜயந்தா டாங்கிக்குள் இருந்த லேலண்ட் எல்60 இன்னும் வினோதம். 6 சிலிண்டர், 12 பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன் எதிரெதிரே வந்து மோதுகிற மாதிரி நெருங்கும், நடுவில் எண்ணெய் எரியும். ஒரு பிஸ்டன் காற்று போர்ட்டைத் திறக்கும், மற்றது புகை போர்ட்டை. வால்வே இல்லாமல் யூனிஃப்ளோ. கேட்க அழகு, ஆனால் இதே எஞ்சினைச் சீஃப்டன் டாங்கியில் வைத்த பிரிட்டிஷ்காரர்கள் அதன் கோளாறுகளைப் பற்றிப் புலம்பித் தீர்த்திருக்கிறார்கள்.

பெரிய எஞ்சின் என்றால் எல்லோரும் சொல்வது எம்மா மேர்ஸ்க் என்கிற கன்டெய்னர் கப்பலில் 2006-ல் வந்த 14 சிலிண்டர் ஆர்டி-ஃப்ளெக்ஸ்96சி. 80,080 கிலோவாட், 102 சுற்று, எடை 2,300 டன். பிரமாதம்தான். ஆனால் வேலை செய்கிற விதம் நான் சொன்ன அதேதான். அதில் வால்வையும் ஃபியூயல் பம்பையும் இயக்குகிற கேம் ஷாஃப்ட் மட்டும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்.

இப்போது எல்என்ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயுவின் காலம். புது எஞ்சின்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, எல்லாம் மூடி பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு 300 பாரில் கேஸை உள்ளே அடிக்கிறது, சுத்தமான டீசல் வழி. இன்னொரு கட்சி, பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே குறைந்த அழுத்தத்தில் கேஸை விட்டுக் காற்றோடு கலக்கிறது. உபகரணம் மலிவு, நைட்ரஜன் ஆக்ஸைடும் குறைவு. ஆனால் எரியாத மீத்தேன் இடுக்குகளில் ஒளிந்துகொண்டு புகையோடு வெளியே போவது இதில்தான் அதிகம். சிலிண்டரில் காற்று மட்டும் இருக்க வேண்டிய நேரத்தில் எரிபொருளையும் விட்டால் டூ ஸ்ட்ரோக்கின் சுகம் பாதி போய்விடும் என்பது என் கட்சி. இதற்குப் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், தெரியும்.

கடைசியாக, மெரைனில் சேரப் போகிற பையன்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பிரிக்காமலே பார்க்க நல்ல வழி ஸ்கேவெஞ்ச் போர்ட் இன்ஸ்பெக்‌ஷன். பிரிட்ஜில் சொல்லிவிட்டு, ஸ்டார்டிங் ஏரை மூடி, இண்டிகேட்டர் காக்குகளைத் திறந்து, எஞ்சினை மோட்டாரால் மெதுவாகச் சுற்றுகிற டர்னிங் கியரைப் போட்டு, உள்ளே ஆக்ஸிஜன் அளந்துவிட்டு ஸ்கேவெஞ்ச் பெட்டிக்குள் போக வேண்டும். வெக்கையும் எண்ணெய் நாற்றமும் மூக்கில் ஏறும். வெளியே ஒருவர் டர்னிங் கியரை நம் சொல்படி ஓட்டுவார். போர்ட் வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் மெதுவாக இறங்கி வரும்.

முதலில் பிஸ்டன் தலை. ஒரு பக்கம் மட்டும் ஈரமாக எண்ணெய் மினுங்கினால் அந்தப் பக்கத்து இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அப்புறம் ரிங்குகள் ஒவ்வொன்றாக. எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தால் சந்தோஷம். நெடுக்குக் கீறல் இருந்தால் உரசுகிறது, கறுத்த பட்டை இருந்தால் நெருப்பு கீழே இறங்குகிறது. ஒரு மரக்குச்சியால் ரிங்கை அழுத்த வேண்டும். உள்ளே போய் எம்பித் திரும்பினால் உயிரோடு இருக்கிறது. எம்பவில்லை என்றால் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டது, அல்லது உடைந்திருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் போட்டோ எடுத்து, எந்த ரிங், எந்தப் பக்கம் என்று எழுதி வைக்க வேண்டும்.

உடைந்திருந்தால் அடுத்த துறைமுகத்தில் யூனிட்டைப் பிரித்துப் பிஸ்டனைத் தூக்க ஒரு நாள் முழுசாக வேண்டும் என்று சீஃப் மெயில் போடுவார். பன்னிரண்டு மணி நேரம் தருகிறோம், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். அதனால் கரைக்கு வரும் முன்பே புது ரிங், ஓ ரிங், தூக்குகிற சாமான் எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி யூனிட் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்துவிடுங்கள்.